கல்லின் மேல் விழுந்த பின்னல்

காதல் என்று தலைப்புக் கொடுத்தால் பத்து ஓவியர்களில் எட்டுப் பேர் இரண்டு உருவங்களைக் கட்டிப்பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள், மீதி இரண்டு பேர் கூடவே ஒரு நிலாவையும் போட்டுவிடுவார்கள் என்று அந்த ஓவியர் வந்த முதல் நாளே சொன்னார். சொன்னது என்னிடம் இல்லை, என் மேசைக்கு எதிரே இருந்த சுவரிடம். ஐம்பதைத் தாண்டிய அம்மாள். ஆண்கள் போடுகிற கதர்ச் சட்டை, தொளதொளத்த கால்சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பத்திரிகைகளில் அவர் படங்களைப் பார்த்துப் பெரிதாக என்னவோ எதிர்பார்த்திருந்தேன். வந்து உட்கார்ந்தவரைப் பார்த்தால் பல் பிடுங்க வந்து முறைக்காகக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

அது தொண்ணூற்று ஆறாம் வருஷம். நான் அடுகோடியில், ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருந்த லித்தோ கூடத்தில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கலை அறக்கட்டளை மூன்று வருஷம் முன்பு ஆரம்பித்தது. ஓவியர்கள் வந்து கல்லில் படம் வரைவார்கள். எங்கள் அச்சாளர் அதைக் காகிதத்தில் எடுத்துக் கொடுப்பார். ஒரு படத்துக்கு இருபத்தைந்து பிரதிதான். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது, படத்தைக் கல்லிலிருந்து தேய்த்து அழித்துவிடுவோம். கடிதம் டைப் அடிப்பது, காகிதம் வரவழைப்பது, பிரதிகளுக்குப் பட்டியல் போடுவது, ஓவியர்கள் கேட்கிற நேரத்துக்கு ஒன் பை டூ காபி வரவழைப்பது எல்லாம் என் வேலை. பிரேசர் டவுனிலிருந்து சிவாஜிநகர் வந்து, அங்கே பஸ் மாறி, ஒன்பதரைக்குள் வந்துவிடுவேன்.

லித்தோ என்றால் என்ன என்று வீட்டில் அம்மாவுக்குப் பலமுறை விளக்கித் தோற்றவள் நான். இங்கே இன்னொரு முறை முயல்கிறேன். கல்லில் எதையும் செதுக்குவதில்லை. வழவழப்பான சாம்பல் நிறக் கல்லில் பிசுக்குள்ள ஒரு கறுப்புப் பென்சிலால் வரைவார்கள். பிறகு கோந்தும் கொஞ்சம் ஆசிடும் பூசிக் கல்லைத் தயார் செய்வார்கள். ஈரப் பஞ்சால் கல்லைத் துடைத்துவிட்டு மை உருளையை ஓட்டினால், ஈரம் இருக்கிற இடத்தில் மை ஒட்டாது, பிசுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டும். அதன் மேல் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால் படம். அவ்வளவுதான். இதில் ஒரு சங்கடம் உண்டு. பென்சிலின் பிசுக்குக்கும் வடை தின்ற விரலின் பிசுக்குக்கும் கல்லுக்கு வித்தியாசம் தெரியாது. எதைக் கொடுத்தாலும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மை போடும்போது காட்டிக் கொடுத்துவிடும். அதனால் வரைந்த கல்லை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் கூடத்தின் முதல் சட்டம். மற்ற சட்டங்களை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

அச்சாளருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஆம்பூர்ப் பக்கம். அடுகோடியிலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். பேச்சு மிகக் குறைவு. ஓவியரைப் பெரிய மேடம் என்றும் என்னை ஆபீஸ் மேடம் என்றும் கூப்பிடுவார். நான் பதிலுக்கு சார் என்பேன். அந்த சாரில் கொஞ்சம் கிண்டல் இருக்கும், அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்ப்பதற்காகவே நான் இல்லாத கடிதத்துக்கெல்லாம் கையெழுத்துக் கேட்டு உள்ளே போவேன். இடது கையில் பஞ்சு, வலது பக்கம் உருளை. மை சரியான பதத்தில் இருக்கிறதா என்பதை அவர் கண்ணால் பார்க்கமாட்டார், காதால் கேட்பார். உருளை ஓடும்போது வருகிற சத்தம் கொஞ்சம் மாறினால் நிறுத்திவிடுவார். பக்கத்துப் பட்டறையில் இரும்பைக் கடைகிற ஓசை காதைக் கிழிக்கும். அதற்கு நடுவில் அந்த மெல்லிய சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டது என்பது எனக்கு இன்றுவரை வியப்புத்தான்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு பெரிய விஷயம் நடக்க இருந்தது. லித்தோ பிரதியின் ஓரத்தில் ஓவியர் பென்சிலால் கையெழுத்துப் போடுவார். அதன் பக்கத்தில் அச்சாளரும் மை இல்லாத ஒரு சின்ன முத்திரையை அழுத்துவது உலக வழக்கம். காகிதம் லேசாக மேடிட்டுத் தெரியும். அதற்கு ஓவியரின் சம்மதம் வேண்டும். மூன்று வருஷமாக எங்கள் கூடத்தில் அப்படி எதுவும் இல்லை. இந்தப் படத்திலிருந்து அவர் தம் முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று அறக்கட்டளைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். பெரிய மேடமும் தலையாட்டியிருந்தார். சிக்பேட்டையில் சொல்லிச் செய்த அந்தக் கருவியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டினார். ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன வட்டம், உள்ளே அச்சு எந்திரத்தின் கைப்பிடி மாதிரி ஒரு உருவம்.

"நல்லா இருக்கு சார். போட்டுக் காட்டுங்களேன்" என்றேன்.

"இல்லீங்க. மொத தடவை படத்துலதான் போடணும்."

பிறகு கேட்காமலே, "எங்கப்பா தோல் ஷாப்புல முப்பது வருஷம் வேலை பாத்தாரு. எந்த ஊர்ல எந்தக் கால்ல அவரு பதம் பண்ண தோல் நடக்குதுன்னு அவருக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது" என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. காபி சொல்லட்டுமா என்று கேட்டு வைத்தேன்.

ஓவியர் ரிச்சர்ட்ஸ் டவுனில் தனியாக இருந்தார். தினமும் காலையில் ஆட்டோவில் வந்து இறங்குவார், மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போய்த் திரும்புவார். முதல் வாரம் கல்லைச் சுற்றி நடந்ததோடு சரி. இரண்டாவது வாரம் வரைய ஆரம்பித்தார். மூன்றாவது வாரக் கடைசியில்தான் என்ன வரைகிறார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்த அன்று பஸ்ஸில் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

ஒரு பெண் ஒரு ஆணின் சட்டைக் கைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். இதுதான் படம். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை ஒரே கையால் போடுவது சள்ளை பிடித்த வேலை என்பது போட்டவர்களுக்குத் தெரியும். அவன் வலது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவள் தலை குனிந்திருக்கிறது, வகிடு மட்டும் தெரிகிறது. அவனுக்குத் தோளுக்கு மேல் எதுவும் இல்லை, படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் முகமே கிடையாது. கட்டிப்பிடிப்பதும் இல்லை, நிலாவும் இல்லை. அவன் எங்கேயோ கிளம்புகிறான், நேரமாகிவிட்டது, அவள் அவசரப்படவில்லை என்பதெல்லாம் அந்தச் சட்டை மடிப்பிலேயே தெரிந்தது. அவ்வளவு கறுப்பை வைத்துக்கொண்டு வெள்ளைத் துணியை எப்படி வரைந்தார் என்று நான் மூக்கில் விரல் வைத்தேன்.

ஆனால் படத்தின் உயிர் இன்னொரு கையில் இருந்தது. அவனுடைய இடது கை. அதற்கு வேலை இல்லை. தொங்கவும் இல்லை, உயரவும் இல்லை. அவள் தலையைத் தொடலாமா என்று அரைவாசி வந்துவிட்டு, தொட்டால் அவள் நிமிர்ந்துவிடுவாளோ என்று அங்கேயே நின்றுவிட்ட கை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. காதலைப் பற்றி நிறையப் படித்திருந்தேன், சினிமாவில் பார்த்திருந்தேன், சர்ச்சில் கல்யாணப் பிரசங்கங்களில் கேட்டிருந்தேன். இதுதான் அது என்று எனக்குத் தோன்றியது அந்தக் கையைப் பார்த்தபோதுதான். ஓவியர் அந்த ஒரு கையை மட்டும் பதினொரு நாள் வரைந்தார். ஒரு நாள் முழுக்கச் சுண்டுவிரலோடு மல்லுக்கட்டிவிட்டு, "சனியன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வரைந்து முடித்த மறுநாள் மத்தியானம். பெரிய மேடம் சாப்பிடப் போயிருந்தார். அச்சாளர் வங்கிக்குப் போயிருந்தார். மேசை மேல் கல், ஒரு வெள்ளைத் துணி மூடிக் கிடந்தது. ஆசிட் பூசுவதற்கு முன் அந்தக் கையை ஒரு தடவை பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. துணியை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக மடித்துவிட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். சட்டம் தெரிந்தவள், தொடமாட்டேன். இன்னும் கொஞ்சம் குனிந்தேன். ஆள்காட்டி விரலின் ஓரத்தில், நகத்தை ஒட்டி, மூன்றே புள்ளியில் ஒரு தயக்கத்தைப் போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது என் பின்னல் தோளிலிருந்து நழுவி, அதன் நுனி கல்லின் மேல் விழுந்தது.

ஒரு விநாடிகூட இருக்காது. வெடுக்கென்று நிமிர்ந்தேன். என் அம்மா தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் என்னை வாசல் தாண்ட விடமாட்டார். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குப் பின்னிவிடுவதை நிறுத்துங்கள் என்று எத்தனை தடவை சண்டை போட்டாலும் கேட்கமாட்டார். குனிந்து பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கல்லில் ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றும் ஆகவில்லை, நுனியில் எண்ணெய் எங்கே இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துணியை மூடிவிட்டு வந்து, யாருக்கோ எழுத வேண்டிய கடிதத்தை மூன்று தடவை தப்பாக டைப் அடித்தேன்.

திங்கட்கிழமை முதல் சோதனைப் பிரதி எடுத்தார்கள். கூப்பிட்டார்கள், போனேன். படம் மங்கலாக இருந்தது, முதலில் அப்படித்தான் இருக்கும். இரண்டாவதில் சட்டை எழுந்து வந்தது. மூன்றாவதில் அவள் வகிடும் பொத்தானும் இடது கையும் முழுசாக வந்தன. இடது கையின் மணிக்கட்டிலிருந்து விரல்களுக்குக் குறுக்கே, ஒரு விரல் நீளத்துக்கு, கறுப்பாக ஒரு இழுப்பும் வந்திருந்தது.

"இது என்னது?" என்றார் ஓவியர்.

அச்சாளர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கல்லின் மேல் வைத்துக் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"என் முழங்கை மேடம்" என்றார் நிமிர்ந்து. "கோந்து தடவறப்ப பட்டிருக்கும். வேர்வை."

"உங்க முழங்கையா?"

"ஆமாங்க. நான் பாத்திருக்கணும்."

ஓவியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பிரதியை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, "இதுல உங்க முத்திரை வேண்டாம்" என்றார்.

"சரிங்க மேடம்."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று எழுதலாம். பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது, நான்தான் அதை அசைக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, அந்த அம்மாள் என்னை ஏறிட்டுப் பார்க்கப்போகிற பார்வைக்குப் பயந்தேன். அச்சாளர் தம் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்யாத குற்றத்தை நிஜமாகவே நம்பிவிட்டார் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்போதும் பேசவில்லை.

மறுநாளிலிருந்து பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு போனேன். என்னடி புதுசா என்று அம்மா கேட்டதற்கு, புழுக்கம் என்றேன்.

கறையை எடுக்க வேண்டுமென்றால் கையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அச்சாளர் பிளேடை வைத்து அந்த இடத்தைப் புள்ளி புள்ளியாகச் சுரண்டினார். ஒன்றரை நாள். பிறகு கல்லை அந்த இடத்தில் மட்டும் மறுபடி பிசுக்கை வாங்குகிற நிலைக்குக் கொண்டுவந்தார். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அன்று ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாது. சுற்றியிருந்த ஒரு கோடுகூடக் கலையவில்லை. ஓவியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆனால் இரண்டாம் நாள் காபி வந்தபோது முதல் டம்ளரை எடுத்து அச்சாளர் பக்கத்தில் வைத்ததைப் பார்த்தேன்.

பிறகு ஓவியர் நான்கு நாளில் கையை மறுபடியும் வரைந்தார். நன்றாகத்தான் வந்தது. பத்து வருஷம் கழித்து ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால் ஒரு பெண் தன் கணவரிடம், அந்தக் கையைப் பாருங்க, அந்தக் கைதான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது சரிதான். அந்தக் கையும் படத்துப் பெண்ணின் தலைப் பக்கம்தான் வருகிறது, அதற்கும் தயக்கம் இருக்கிறது. ஆனால் முதலில் இருந்த கையைப் பார்த்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர், அதில் நான் ஒருத்தி. முதல் கைக்குத் தான் தயங்குவது தெரியாது. இரண்டாவது கைக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வந்துவிட்டேன்.

இருபத்தைந்து பிரதிகளையும் அச்சாளர் இரண்டு நாளில் எடுத்தார். துடைப்பார், உருட்டுவார், காதைச் சாய்ப்பார், காகிதத்தை இறக்குவார், சக்கரத்தைச் சுற்றுவார். ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை. தம் அடையாளம் எதுவும் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த வேலையில் ஒரு மனுஷன் இவ்வளவு சிரத்தையைப் போடுவாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முத்திரைக் கருவி கைக்குட்டைச் சுற்றலோடு மை டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஓவியர் கையெழுத்துப் போட வந்தார். அச்சாளர் ஒவ்வொரு தாளாக அவர் முன்னால் வைப்பார், அவர் பென்சிலால் எண்ணும் பெயரும் எழுதுவார், இவர் எடுத்து அடுக்குவார். பட்டியலில் குறித்துக்கொள்ள நான் பக்கத்தில் நின்றேன். ஏழாவது தாளில் அவர் கையெழுத்துப் போட்டு முடித்தபோது, பக்கத்தில் வெறுமையாக இருந்த இடம் என் கண்ணை உறுத்தியது. இன்னும் பதினெட்டு. அதன் பிறகு பேசினாலும் ஒன்றுதான், பேசாவிட்டாலும் ஒன்றுதான்.

"மேடம், அது அவர் முழங்கை இல்லை" என்றேன்.

பென்சில் நின்றது. "எது?"

"கறை. அது என் பின்னல். நீங்க சாப்பிடப் போனப்ப துணியைத் தூக்கிப் பாத்தேன். குனிஞ்சப்ப விழுந்துடுச்சு. தலையில எண்ணெய்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைப் பார்த்தார். "அதான் கொண்டையா?"

"ஆமா மேடம்."

"எத்தனை நாளா தெரியும்?"

"விழுந்த அன்னைக்கே."

அச்சாளர் அடுத்த தாளைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"எதுக்குக் குனிஞ்சே?" என்று கேட்டார் ஓவியர். குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அந்தக் கையைப் பாக்க."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. அழ வேண்டிய இடம் என்றுகூடச் சொல்லலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு. "இப்ப இருக்கிறதைவிட நல்லா இருந்துச்சு மேடம்."

பக்கத்துப் பட்டறையில் எந்திரம் நின்று மறுபடி ஓட ஆரம்பித்தது. ஓவியர் தமக்கு முன்னால் இருந்த தாளில், தாம் இரண்டாவதாக வரைந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமா" என்றார்.

மீதிப் பதினெட்டிலும் கையெழுத்துப் போட்டார். எழுந்து தோள்பையை மாட்டிக்கொண்டார். அச்சாளரிடம், "எல்லாத்துலயும் உங்க முத்திரை இருக்கணும். திங்கட்கிழமை வந்து பாப்பேன்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்து, "நீ இனிமே கல்லுக்கிட்ட வரவே கூடாது" என்றார். ரப்பர் செருப்பு சந்து முனை வரை சத்தம் போட்டுக்கொண்டு போனது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. வேலையும் போகவில்லை, முத்திரையும் வந்துவிட்டது. அச்சாளரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று திரும்பினேன்.

அவர் முகம் சிவந்திருந்தது. மூன்று வருஷத்தில் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"யாருங்க உங்களைச் சொல்லச் சொன்னது?"

"இதென்ன சார் கேள்வி? உங்களுக்கு முத்திரை வேணாமா?"

"வேணும். மூணு வருசமா வேணும்னுதான் இருந்தேன்." கையிலிருந்த தாளை அடுக்கில் வைத்தார். "அதனாலதான் குடுத்தேன். வேண்டாத ஒண்ணைத் தூக்கிக் குடுத்தா அது இன்னா குடுக்கறது?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உங்களுக்குத் தெரியுமா? என் பின்னல்னு?"

"கண்ணாடியில பாத்தேன். முடி முடியாத் தெரிஞ்சுது. முழங்கை பட்டா அப்படியா விழும்?"

பெரிய மேடமும் அதே கறையைத்தானே பார்த்தார், அவருக்குத் தெரியவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது. அவர் தாம் வரைந்த கையைப் பார்த்திருக்கிறார். இவர் என் முடியைப் பார்த்திருக்கிறார். பத்து நாளாக முழங்கையைத் துடைத்துத் துடைத்து என்னை நம்ப வைத்திருக்கிறார். சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கிக்கொண்டு வந்தாலும், முந்திக்கொண்டு வந்தது கோபம்தான்.

"குடுக்கறவர் வாங்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல? பத்து நாளா நான் ராத்திரி தூங்கலை, பகல்ல திங்கலை. உங்க வாழ்க்கையை நாசம் பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இதுக்குப் பேரு குடுக்கறதா?"

"சொன்னா நீங்க வாங்கிக்க மாட்டீங்க."

"மாட்டேன்தான். உங்க முத்திரை இல்லாத படத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அது எனக்கு வேணாம். வேற ஏதாவது குடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் தரையைப் பார்த்தார். இருபத்தைந்து தாள்களையும் பார்த்தார். மை டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றார்.

அச்சான தாளை அவரையும் ஓவியர்களையும் தவிர யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைத்துக்கொண்டு வந்தபோது முதல் தாளை மேசையில் வைத்து, பென்சில் கையெழுத்துக்குப் பக்கத்தில் கருவியின் வாயைச் சரியாகப் பொருத்திப் பிடித்திருந்தார். தாளின் மறுமுனையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக் குனிந்தேன். அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கருவியின் கைப்பிடி என் பக்கம் இருந்தது.

"அமுக்குங்க."

"நானா? சார், இது உங்களோட முதல்..."

"ஆமா. அமுக்குங்க."

இரண்டு கையாலும் அமுக்கினேன். என்னால் முடிந்த மட்டும் அமுக்கினேன் என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் வட்டம் ஒரு பக்கம் மட்டும் எழும்பியிருந்தது, உள்ளே இருந்த கைப்பிடி உருவம் தடவினால்கூடத் தெரியாத அளவுக்கு மங்கல். மூன்று வருஷம் காத்திருந்த மனுஷனின் முதல் முத்திரையை இப்படி அரைகுறையாக்கிவிட்டேனே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். தாளை எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டாவது தாளை என் முன்னால் வைத்தார்.

"பரவால்லீங்க" என்றார். "இன்னும் இருபத்திநாலு இருக்கு."